சங்குவுக்கு மூன்று ஷிப்டு

எங்கள் லைனில் மொத்தம் பதினான்கு வீடுகள். யாராவது ஒருவர் தும்மினால் போதும், பதினான்கு வைத்தியம் வந்துவிடும். தும்மியது பூனையாக இருந்தாலும் அப்படித்தான்.

எங்கள் பூனையின் பெயர் சங்கு. வெள்ளை உடம்பு, கறுப்பு வால். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டு மாறும்போதெல்லாம் சங்கு ஊதுவார்களாம். நான் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனாலும் கோலார் தங்கவயலில் இன்னும் எல்லாமே ஷிப்டுதான். தண்ணீர் பிடிப்பது ஷிப்டு, டிவி பார்ப்பது ஷிப்டு, குளிப்பதுகூட ஷிப்டு.

எங்கள் பூனை தினமும் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் வாசலில் நின்று ஊரே கேட்கிற மாதிரி கத்தும். சோறு வேண்டும் என்று அர்த்தம். "டேய், ஷிப்டுக்குச் சங்கு ஊதுதுடா!" என்று ஒருநாள் எதிர் வீட்டு சைலஸ் அங்கிள் சொன்னார். அதுவே பெயராகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதவில்லை.

தசரா லீவு. அம்மாவும் அப்பாவும் வழக்கம்போல் விடியும்போதே பெங்களூரு ரயிலுக்குப் போய்விட்டார்கள். நானும் என் தம்பி மகிழனும்தான் வீட்டில். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஏழு. கடைசி வீட்டு பாப்பம்மா அக்கா பகலில் எங்களைப் பார்த்துக்கொள்வார்.

"மாயாக்கா, சங்கு வால் ஆட்டல. காது ஆட்டல. ஒண்ணுமே ஆட்டல" என்றான் மகிழன்.

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்திருந்தது. பால் வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கு உயிரான கருவாட்டை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குத் திக்கென்றது. கருவாடு வேண்டாம் என்று சொல்கிற பூனையை நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து மெல்ல நடந்து வெளியே போனது. பக்கத்து வீட்டில் குளியலறை கட்டுவதற்காக மணல் கொட்டியிருந்தார்கள். சங்குவுக்கு அதுதான் கக்கூஸ். அதில் பள்ளம் தோண்டி உட்கார்ந்தது. பிறகு வந்து படுத்துக்கொண்டது. மறுபடியும் எழுந்து போனது.

அவ்வளவுதான், லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"சூடு. உடம்பு சூடு. விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் ஊத்து, சரியாப் பூடும்" என்றது ஒரு வீடு. "பேதிக்கு மோர் குடு" என்றது இன்னொரு வீடு. "பேதியே இல்லையே" என்றேன். "வரும், அதுக்கு முன்னாடியே குடு" என்றார்கள்.

பாப்பம்மா அக்கா முந்தானையில் முடிந்து ஒரு மாத்திரை கொண்டுவந்தார். "காய்ச்சல் மாத்திரைம்மா. நம்ம வீட்டுல எல்லாரும் போடறதுதான். பாதி உடைச்சு பால்ல கலக்கு."

"எனக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர் முதல்ல எடை மிஷின்ல நிக்க வெச்சுத்தானே மருந்து எழுதுவார்? சங்கு எவ்ளோ எடைக்கா?"

"இன்னாடி இது? ஒரு நாலு கிலோ இருக்கும்."

"இருக்குமா, இருக்காக்கா?"

"அய்ய, வாயைப் பாரு இதுக்கு! உங்கம்மா ஷோபா பெத்தது சரியான வக்கீல்!" என்று பாப்பம்மா அக்கா என் கன்னத்தில் செல்லமாக இடித்தார். நான் மாத்திரையைக் காகிதத்தில் சுற்றி கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம்.

அப்போதுதான் சைலஸ் அங்கிள் வந்தார். வயது எழுபத்திரண்டு. ஆனால் தாத்தா என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அவருடைய பழைய ஹெல்மெட்டை ஜன்னல் மேல் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைப்பார். மகிழன் ஒரே ஒரு தடவை அதை எடுத்துத் தலையில் வைத்துவிட்டான். அந்தத் திட்டு இன்னும் அவன் காதில் ஒலிக்கிறதாம்.

அங்கிள் குனிந்து சங்குவின் காலைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சயனைடு."

"என்ன அங்கிள்?"

"காலைப் பாரு, சாம்பல் கலர்ல கீது. சயனைடு மேட்டுக்குப் போய் எதையோ துன்னுட்டு வந்திருக்கு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. எங்க நாய் ஜிம்மியும் இப்படித்தான் பூட்ச்சு."

தங்கத்தை எடுத்த பிறகு மிச்சமான மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகி நிற்கிறதே, அதைத்தான் சயனைடு மேடு என்பார்கள். எங்கள் ஊரில் நாய் செத்தாலும் சயனைடு, கோழி செத்தாலும் சயனைடு.

எனக்குக் கோபம் வந்தது. "என் காலைப் பாருங்க, இதுவும் சாம்பல் கலர்தான். நேத்து மேட்டுக்குக் கீழதான் நாங்க கிரிக்கெட் ஆடினோம். எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"நீ காலை நக்கினியா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அதை அங்கிளிடம் காட்டக் கூடாது என்று உள்ளே போய்விட்டேன்.

சுவரில் அம்மா மிருக ஆஸ்பத்திரி நம்பரை எழுதி வைத்திருந்தாள். சங்குவுக்கு ஊசி போட்ட நாளில் எழுதியது. வீட்டில் இருந்த பழைய போனில் அடித்தேன். கம்பவுண்டர் ராஜப்பா எடுத்தார். பின்னால் ஒரு மாடு பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர் மேடம் இன்னைக்குப் பேத்தமங்களாவுல மாட்டு ஊசி கேம்ப்ல இருக்காங்கம்மா. பூனைக்கு என்ன? வாந்தி உண்டா?"

"இல்ல சார். சாப்பிடல, சும்மா படுத்தே இருக்கு."

"ஒண்ணுக்குப் போச்சா?"

"போச்சு சார். காலையிலேர்ந்து மூணு தடவை மணலுக்குப் போச்சு."

"அப்ப பயப்படாத. நாளைக்குக் காலையில தூக்கிட்டு வா. அதுவரைக்கும் என்ன சாப்பிடுது, எத்தனை தடவை வெளிய போகுதுன்னு எழுதி வை. மேடம் கேப்பாங்க."

போனை வைத்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எழுதி வைப்பது பெரிய வேலையா? ஆனால் ஒரே ஆளாக நாள் முழுக்கப் பூனையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர் பிடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

"ஷிப்டு போட்டுக்கலாம்" என்றேன்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் சைலஸ் அங்கிள் முதுகை நிமிர்த்தினார். "யார் யார் எந்த ஷிப்டு?"

"நீங்கதான் இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னீங்களே?"

"அது வேற, ஷிப்டு வேற" என்றார் அங்கிள் விறைப்பாக. "எட்டுலேர்ந்து பத்து நீ. பத்துலேர்ந்து பன்னெண்டு இந்தப் பொடியன். பன்னெண்டுலேர்ந்து ரெண்டு நான். நோட்டுல எழுதி அடுத்த ஆள் கையில குடுத்துட்டுத்தான் கெளம்பணும். சுரங்கத்துல எங்க லெவல்ல சும்மா 'எல்லாம் சரி'ன்னு சொல்லிட்டு ஒருத்தன் மேல வர முடியாது, தெரியுமா?"

அப்படியே செய்தோம். என் ஷிப்டில் ஒழுங்காக எழுதினேன். 8.10 மணலுக்குப் போனது. 8.40 மணலுக்குப் போனது. 9.30 மணலுக்குப் போனது. தண்ணீர் இரண்டு நக்கு. பத்து மணிக்கு நோட்டை மகிழனிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினேன். போகும்போது திரும்பிப் பார்த்தேன். அவன் தரையில் குப்புறப் படுத்துச் சங்குவையே முறைத்துக்கொண்டிருந்தான்.

மதியம் இரண்டு மணி ஆனது. வாசலில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சங்கு ஊதவில்லை.

அங்கிள் நோட்டை என்னிடம் கொடுத்தார். அவர் எழுதியிருந்தது ஒரே வரிதான். 'மணலுக்கு ஐந்து முறை போய் வந்தது. நார்மல்.'

"ஏன் அங்கிள், காலையில சயனைடுன்னீங்க, இப்ப நார்மலா?"

"மத்ததெல்லாம் நார்மல்னு அர்த்தம்."

முந்தின பக்கத்தைப் புரட்டினேன். மகிழனுக்கு எழுத வணங்காது, அதனால் வரைந்திருந்தான். எட்டுப் பூனைகள். எட்டும் மணல் மேல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகும் வில்லாக வளைந்திருந்தது. கடைசிப் பூனையின் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் வேறு.

மூன்று, எட்டு, ஐந்து. எட்டு மணிக்குப் பிறகு மட்டும் பதினாறு தடவை! ஒரு முழுத் தர்பூசணியைத் தின்றாலும் நான் பதினாறு தடவை போக மாட்டேன்.

படத்தை மறுபடி பார்த்தேன். ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது. மகிழன் எதையும் விடாமல் வரைகிறவன். 'என் தெரு' என்று பள்ளியில் படம் வரையச் சொன்னபோது, கம்பத்தில் காலைத் தூக்குகிற நாயையும் அதன் கீழே ஒரு பெரிய குட்டையையும் மஞ்சள் கலரில் வரைந்து டீச்சரிடம் திட்டு வாங்கியவன்.

"மகி, இதுல ஈரத்தைக் காணோமே? ஏன்டா வரையல?"

"ஈரம் இருந்தாத்தானே வரைய முடியும்?" என்றான் அவன்.

நோட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன்.

"ஒரு தடவைகூட இல்லியா?"

"இல்ல. சும்மா உக்காந்துச்சு, எழுந்துச்சு. உன் ஷிப்டுலயே போயிருக்கும்னு நெனச்சேன்."

"அங்கிள், உங்க ஷிப்டுல?"

அங்கிள் தலையைச் சொறிந்தார். "நான் எங்க கிட்டப் போய்ப் பாத்தேன்? பையன் ஷிப்டுல போயிருக்கும்னு..."

என் ஷிப்டில்? நானும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. உட்கார்ந்ததைப் பார்த்தேன், அதனால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கம்பவுண்டரிடம் 'போச்சு' என்று அடித்துச் சொன்னதும் நான்தான். பாப்பம்மா அக்காவை 'இருக்குமா, இருக்கா' என்று கேட்ட அதே வாய்தான்.

மணலுக்கு ஓடினேன். சங்கு தோண்டிய பள்ளம் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தேன். பொலபொலவென்று காய்ந்திருந்தது. எந்தப் பள்ளத்திலும் ஈரம் இல்லை.

ஆனாலும் இந்தத் தடவை 'இருக்கும்' என்று சொல்ல நான் தயாராக இல்லை. "அங்கிள், இன்னைய பேப்பரைக் குடுங்க."

"நான் இன்னும் படிக்கலியே!"

"பிறகு படிக்கலாம்."

வீட்டு மூலையில் பேப்பரைப் பரப்பி அதன் மேல் கொஞ்சம் மணல் தூவினேன். சங்கு வந்தது. உட்கார்ந்தது. முதுகை வளைத்து முக்கியது. "மீ..." என்று ஒரு சத்தம் வந்தது. ஊரையே எழுப்புகிற எங்கள் சங்குவின் குரலா அது? அது எழுந்து நகர்ந்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பேப்பர் காய்ந்தே இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கடுகு அளவு ஒரு துளி. அது லேசான சிவப்பு.

நான் போனை எடுத்தேன். தப்பாகச் சொன்னேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"சார், காலையில பேசின மாயா. நான் தப்பா சொல்லிட்டேன் சார். உக்காந்ததைத்தான் பாத்தேன். ஒண்ணுக்குப் போகவே இல்ல. எட்டு மணியிலேர்ந்து பதினாறு தடவை உக்காந்திருக்கு. இப்ப ஒரு சொட்டு ரத்தம் மாதிரி வந்துச்சு."

"ஆண் பூனையா?" அவர் குரலே மாறிவிட்டது.

"ஆமா சார்."

"நாளைக்கு வரைக்கும் வெக்காத. மூத்திர வழி அடைச்சிருக்கும். உடனே பேத்தமங்களாவுக்குப் போங்க. மேடம் நாலு மணி வரைக்கும்தான் அங்க இருப்பாங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். வயித்தை யாரும் அமுக்கக் கூடாது. எந்த மருந்தும் குடுக்காதீங்க."

மணி மூன்று. அம்மாவுக்குப் போன் அடித்தேன். கம்பெனியில் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள், மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பாப்பம்மா அக்கா என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். மகியை நான் பாத்துக்கிறேன். சைலஸ் அண்ணே, நீங்க கூடப் போங்க. இன்னும் இன்னா நின்னுகினு?"

அங்கிள் அதற்குள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

மூடி போட்ட துணிக்கூடையில் அம்மாவின் பழைய துப்பட்டாவை விரித்துச் சங்குவைப் படுக்க வைத்தேன். தெருமுனையில் காத்தவராயன் அண்ணன் ஆட்டோ நின்றிருந்தது. கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் இரண்டடி பின்னால் போனார்.

"பூனையா! பூனை குறுக்கே போனாலே நான் வண்டியை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் நிப்பேன். வண்டிக்குள்ளயே வந்தா எவ்ளோ நேரம் நிக்கிறது?"

"நிக்கவே வேணாம்ணா. பின்சீட்டுல உக்காந்துக்கிட்டா அது எப்படிக் குறுக்கே வரும்?"

அவர் தாடையைத் தடவி யோசித்தார். "அதுவும் சரிதான். ஏறு, ஏறு!"

ஆட்டோ பறந்தது. நான் துப்பட்டாவுக்குள் கையை விட்டுச் சங்குவின் தலையைத் தடவிக்கொண்டே வந்தேன். அது கண்ணை மூடியிருந்தது. மூச்சு மட்டும் வேகவேகமாக வந்தது. செத்துப்போகாதே, செத்துப்போகாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ஜிம்மி மூணு நாள் இப்படிக் கெடந்துச்சு" என்றார் அங்கிள் திடீரென்று. அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் சயனைடுன்னேன். எல்லாரும் ஆமான்னாங்க. யார்கிட்டயும் கொண்டுபோய்க் காட்டல."

கூடையைக் கொஞ்சம் நகர்த்தி, பாதி அவர் மடியிலும் பாதி என் மடியிலுமாக வைத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பாதி வழியில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. காத்தவராயன் அண்ணன் ஹார்னை விடாமல் அடித்தார். ஒரு ஆடும் அசையவில்லை. "குறுக்கே போறதுக்கு ஆடும் கீது பாரு!" என்று அவரே இறங்கி ஓடி ஆடுகளை ஒதுக்கிவிட்டு வந்தார்.

பேத்தமங்களா போய்ச் சேர்ந்தபோது நான்கு ஆகப் பத்து நிமிடம். ஒரு மரத்தடியில் கடைசியாக இரண்டு மாடுகள் நின்றிருந்தன. டாக்டர் பாக்யலட்சுமி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம்! பூனை! ராஜப்பா சார் போன் பண்ணாரே..."

"ஹவுதா, அப்படியா, நீதானா மாயா? மேஜை மேல வை. எப்பலேர்ந்து இப்படி?"

எனக்கு மூச்சு வாங்கியது. நோட்டை நீட்டினேன். டாக்டர் புரட்டினார். மகிழன் வரைந்த பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது யார் எழுதினது?"

"எழுதினதில்ல மேடம், வரைஞ்சது. என் தம்பி. ஈரமே இல்லாததால ஈரம் வரையல."

டாக்டர் சிரிக்கவில்லை. நோட்டை வைத்துவிட்டுச் சங்குவின் வயிற்றை விரல்களால் மெல்லத் தொட்டார். "பெரிய எலுமிச்சம்பழம் மாதிரி இறுகிப் போயிருக்கு. இன்னைக்கு ராத்திரியும் இப்படியே விட்டிருந்தா..." என்றார்.

முதலில் தூங்குவதற்கு ஊசி போட்டார். பிறகு பையிலிருந்து நூல் மாதிரி மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தார். "பாப்பா, நீ அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கோ. பாக்க வேணாம்."

"பாக்குறேன் மேடம். ரெண்டு மணியிலேர்ந்து என் ஷிப்டு."

டாக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, அப்ப தலையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். கையை ஆடவிடவில்லை. டாக்டர் குழாயை மெல்ல விட்டார், உப்புத் தண்ணீர் செலுத்தினார், நிறுத்தினார், மறுபடி செலுத்தினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சைலஸ் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

திடீரென்று கீழே இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் சர்ரென்று சத்தம் கேட்டது.

"வந்தாச்சு!" என்றார் டாக்டர்.

வந்தது, வந்துகொண்டே இருந்தது. இத்தனையையும் இந்தச் சின்ன வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா நாள் முழுக்கப் படுத்திருந்தாய்? அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன். காத்தவராயன் அண்ணன் துண்டை எடுத்து முதலில் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிறகு என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

கிண்ணத்தின் அடியில் மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. "பாத்தியா, நுணுக்கமான துகள். ஆண் பூனைக்கு வழி ரொம்பக் குறுகலா இருக்கும். இது அடைச்சுக்கும்" என்றார் டாக்டர். "இது என்ன துன்னும்?"

"கருவாடு" என்றேன். "பாப்பம்மா அக்கா தினமும் குடுப்பாங்க. தண்ணி அவ்வளவா குடிக்காது."

"கருவாட்டை நிறுத்துங்க. உப்பில்லாம வேகவெச்ச மீனைத் தண்ணியோட குடுங்க. நாலு இடத்துல தண்ணி வைங்க."

எனக்குப் பாக்கெட்டில் இருந்த மாத்திரை ஞாபகம் வந்தது. எடுத்துக் காட்டினேன். "மேடம், இதைப் பாதி குடுக்கச் சொன்னாங்க."

டாக்டரின் முகம் வெளுத்தது. "குடுத்துட்டியா?"

"இல்ல. எடை தெரியாம எப்படிக் குடுக்கறதுன்னு வெச்சுட்டேன்."

"நல்லவேளை! காய்ச்சலுக்கு நாம போடற இந்த மாத்திரை பூனைக்கு விஷம். பாதி மாத்திரையே உயிரை எடுத்துடும்." டாக்டர் அதை வாங்கி நசுக்கிக் குப்பையில் போட்டார்.

அங்கிள் மெதுவாக முன்னால் வந்தார். "மேடம், சயனைடு ஏதாவது..."

"சயனைடா இருந்தா நாள் கணக்கா காத்துக்கிட்டு இருக்காது சார். அது சீக்கிரமே முடிச்சிடும்."

"மூணு நாள்?"

"மூணு நாள் படுத்திருந்தா அது வேற ஏதோ நோய்."

"என்ன நோய் மேடம்?"

"பாக்காம எப்படி சார் சொல்றது?" என்றார் டாக்டர்.

அங்கிள் குனிந்து, தூங்குகிற சங்குவின் கறுப்பு வாலை ஒரே ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"இன்னும் முடியல" என்றார் டாக்டர் என்னிடம். "இன்னைக்கு நான் எடுத்து விட்டுட்டேன். இனிமே அது தானாப் போகணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள போகலேன்னா நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துடணும். மறுபடி அடைச்சா பெங்களூருக்குத்தான் அனுப்பணும்."

செவ்வாய்க்கிழமை அம்மா லீவு போட்டாள். நோட்டில் நான் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். அதற்கு மேல் 'நனைந்ததா?' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மணலுக்கு வழியை மூடிவிட்டு, வாசலெல்லாம் பேப்பர் விரித்தோம். சங்கு அரைக் கிண்ணம் மீன் சாறு குடித்தது. தண்ணீரும் குடித்தது.

ஏழு மணி, இல்லை. எட்டு மணி, இல்லை. ஒன்பது மணிக்குப் பேப்பரில் உட்கார்ந்தது. பதினான்கு வீட்டு ஆட்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எழுந்து போய்விட்டது. மகிழன் பேப்பரில் கன்னத்தை வைத்தே பார்த்தான். காய்ந்திருந்தது.

"என் கருவாடுதான், எல்லாம் என் கருவாடுதான்" என்று பாப்பம்மா அக்கா புலம்பினார். அம்மா கூடையை எடுத்துத் தயாராக வைத்தாள். மணி ஒன்பதே முக்கால்.

எதிர் வீட்டில் சைலஸ் அங்கிளுக்கு இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதையே மறந்துவிட்டு ஹெல்மெட்டை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து, காய்வதற்காக வாசல் நாற்காலியில் கவிழ்க்காமல் கிண்ணம் மாதிரி நிமிர்த்தி வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார்.

சங்கு எழுந்தது. பேப்பரையெல்லாம் தாண்டியது. தெருவைக் கடந்து அங்கிள் வீட்டுக்குப் போனது. நாற்காலியில் ஏறியது. ஹெல்மெட்டை முகர்ந்தது. உள்ளே இறங்கி, வசதியாகத் திரும்பி, உட்கார்ந்தது.

"அய்யய்யோ!" என்றான் மகிழன்.

யாரும் அசையவில்லை. அங்கிள்கூட அசையவில்லை. சங்கு கண்ணைச் சொருகிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு இறங்கி, காலை உதறி, எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தது. வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்து, இரண்டு மணி ஆவதற்கு வெகு நேரம் முன்பே, ஊரே கேட்கிற மாதிரி ஊதியது.

அங்கிள் நாற்காலிக்குப் போனார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கி லேசாக ஆட்டினார். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்டது.

"மாயா! நோட்டைக் கொண்டா!"

ஓடிப்போய்க் கொடுத்தேன். நாற்காலியின் கையில் நோட்டை வைத்து அவர் எழுதியதை லைன் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

'9.50. நனைந்தது. கால்வாசி ஹெல்மெட். நார்மல். – சைலஸ்.'